பதினெட்டு நிறைவதற்குள்

விண்ணப்பம் நிரப்புவது என் பிழைப்பு. பிழைக்க வந்த இந்த நாட்டில், குடியேற்ற அலுவலகத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்கு அடியில் என் கடை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நினைத்தால் மக்கர் பண்ணும் ஒரு பிரின்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. பத்தொன்பது வருஷமாக ஊரார் கதையைக் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் யாருக்கும் தெரியாது. ஃபாரம் அக்கா என்றால்தான் தெரியும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்கிறார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு விட்டுவிட்டேன்.

எனக்குப் பொய் பிடிக்காது. நான் பெரிய உத்தமி என்பதால் இல்லை. ஒரு கட்டத்தில் பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற இன்னும் நாலு கட்டத்தில் சொல்ல வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கிறவள் நான். அதனால் வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், உள்ளதைச் சொல்வதானால் உட்காருங்கள், இல்லாவிட்டால் அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கிறது, அங்கே போங்கள் என்று.

லாண்டரி அண்ணன் முதன்முதலில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கால் சரியில்லாத நாற்காலியில்தான் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உடம்பைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னார். எழுந்திருக்கும்போதுதான் நான் கவனித்தேன்.

“ஆடுதுன்னு சொல்லக் கூடாதா? பக்கத்துலயே நல்ல நாற்காலி சும்மா கெடக்குதே.”

“இருக்கட்டும்க்கா. எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல.”

இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அந்த மனிதர் பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெரிய ஹோட்டல் ஒன்றின் லாண்டரியில் அவருக்கு வேலை. தரைக்கு அடியில் இரண்டாவது தளம், சன்னல் கிடையாது. மேலே இருக்கும் அறைகளிலிருந்து அகலமான ஒரு குழாய் வழியாக அழுக்குத் துணி நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும். துவைத்த ஈர விரிப்புகளைச் சூடான இஸ்திரி ரோலருக்குள் விடுவதற்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், மறுபக்கம் சூடாக வருவதை வாங்கி மடிக்க இரண்டு பேர். பத்து வருஷம் அவர் அந்த மறுபக்கத்தில் நின்றார். சூட்டில் விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று ஆகி, அலுவலகத்தின் கைரேகை மெஷின் அவரை ஆளாகவே ஒப்புக்கொள்ளவில்லை. என் கடையில் இருந்த தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மூன்று முறை போய்த்தான் பதிவு செய்தார்.

குடும்பத்தை வரவழைக்க ஒரு ஆளிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்று எதிர் அலுவலகச் சுவரில் ஒரு நீளத் தாள் ஒட்டியிருக்கிறது. சம்பளம் இன்ன அளவுக்கு மேல் இருக்க வேண்டும். சொந்தப் பெயரில் வாடகை வீடு இருக்க வேண்டும், அதில் வெளியாள் ஒருவரும் தங்கக் கூடாது, வரப்போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டில் போட்டிருக்க வேண்டும். கல்யாணப் பதிவுச் சான்று மூன்று இடத்தில் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். அடியில் சிறிய எழுத்தில் எந்தெந்த வேலைக்காரர்கள் விண்ணப்பிக்கவே முடியாது என்று ஒரு பட்டியல். கூட்டுகிறவர், சுமை தூக்குகிறவர், பாத்திரம் கழுவுகிறவர், லாண்டரி ஊழியர். அவர்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கக் கூடாது என்று எழுதவில்லை. இருந்தால் அங்கேயே இருக்கட்டும் என்றுதான் அர்த்தம்.

அதனால்தான் பதினோரு வருஷம். போன வருஷம் அவரை லாண்டரியில் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வேலை அதே சூட்டில்தான், ஆனால் அட்டையில் பதவி மாறியது, சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டியது. கல்யாணச் சான்றுக்கு மூன்று முத்திரையும் வாங்கவே மாசக்கணக்கானது, அது கைக்கு வந்த மறுநாளே என் கடைக்கு வந்துவிட்டார்.

வந்துபோன தேதிகளை நிரப்பும்போது நான் கூட்டிப் பார்த்தேன். கூட்டச் சொல்லி விண்ணப்பம் கேட்கவில்லை, எனக்கு அது ஒரு கெட்ட பழக்கம். மகளுக்கு ஆறு வயதில் கிளம்பி வந்தவர், ஐந்து முறை விடுமுறையில் போயிருக்கிறார். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று நாள். மகளுக்கு இப்போது பதினேழரை. அந்தச் சுவர்த் தாளில் இன்னொரு வரி உண்டு. பிள்ளைகள், முடிவு வெளியாகும் நாளில் பதினெட்டு வயது நிறையாதவர்களாக இருக்க வேண்டும். ஒரு நாள் கூடினாலும் அது தனி ஆள், பெற்றவர்களோடு சேர்த்தி இல்லை.

“ஆறு மாசம் இருக்கு. போதுமாக்கா?”

“எந்தத் தாளும் திரும்பி வராம இருந்தா போதும்.”

வீட்டை முதலில் பிடித்தார். விண்ணப்பம் போடும்போதே வாடகை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும் என்பதால், ஆள் வருவதற்கு முன்பே வீடு வந்துவிட்டது. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், நின்று திரும்ப மட்டும் இடமுள்ள ஒரு சமையலறை. மூன்று கட்டில் போட்டார். மகளுக்கென்று கூடத்து மூலையில் படிக்கிற மேசை ஒன்று. பதினோரு வருஷம் எட்டுப் பேர் அறையில் படுத்தவர், ஒருவர் குறட்டை, இன்னொருவர் வானொலி, மூன்றாமவர் ஊருக்குப் பேசும் பேச்சு என்று சத்தத்திலேயே கிடந்தவர், அந்த வீட்டில் தனியாகக் குடியேறினார்.

“மத்தியானம் ரெண்டு மணிக்கு டூட்டி முடிஞ்சு கதவத் தொறப்பேன்க்கா. என் செருப்புச் சத்தம் எனக்கே கேக்கும். யாரோ வராங்கன்னு ஒரு நாள் திரும்பிப் பாத்துட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாப்பிடுவதற்குப் பழைய அறைக்கே போய்க்கொண்டிருந்தார். முதல் வாரம் “வாங்க வீட்டுக்காரரே” என்று கலாய்த்தார்கள். மூன்றாவது வாரம் அவருடைய கட்டிலில் புது ஆள் ஒருவன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். உட்கார இடமில்லாமல் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. வீட்டைப் பார்வையிட அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தபோது இவர் அவர்களுக்காக டீ போட்டு வைத்திருந்தாராம். அவர்கள் கட்டிலை எண்ணிவிட்டு, அறையை அளந்துவிட்டு, நாலே நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்கள். சான்று கிடைத்ததைவிட அந்த டீ ஆறிப்போனதைத்தான் என்னிடம் அதிக நேரம் சொன்னார்.

அடுத்தது நேர்காணல். புருஷனை இங்கே ஓர் அறையில் உட்கார வைத்துக் கேட்பார்கள். அதே நாள் பெண்டாட்டியை அங்கே தூதரகத்தில் வைத்து அதே கேள்விகளைக் கேட்பார்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும். போலிக் கல்யாணங்களைப் பிடிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. பயந்துபோய் வந்தவரிடம் நான் வழக்கம்போல் என் ஞானத்தை எடுத்துவிட்டேன்.

“எதையும் சேத்துச் சொல்லாதீங்க, கொறச்சுச் சொல்லாதீங்க. இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுங்க. உண்மை பேசறவனுக்கு ஞாபக சக்தி தேவையில்ல.”

நான் சொன்னபடியே செய்தார். ஒரு வார்த்தை பிசகாமல் உண்மையைச் சொன்னார். உண்மை பேசி ஒரு குடும்பம் கவிழ்ந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஐந்து வாரம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. கவரைப் பிரிக்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் ஒரே வரி: இந்தத் திருமண உறவு உண்மையானது என்று ஏற்க முடியவில்லை. பின்னால் இரண்டு பக்கம், நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கணவர் சொன்னது, வலப்பக்கம் மனைவி சொன்னது. அவருக்கு இந்த நாட்டு மொழியை எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நான் படித்துச் சொன்னேன்.

“எத்தன வருஷமா சூப்பர்வைசரா இருக்கார்னு கேட்டிருக்காங்க. உங்க வீட்டம்மா ஒம்பது வருஷம்னு சொல்லியிருக்காங்க. நீங்க ஒரு வருஷம்னு சொல்லியிருக்கீங்க. எது நெசம்?”

“ஒரு வருஷம்தான்க்கா.” தலையைக் குனிந்துகொண்டார். “நான் வந்த ரெண்டாவது வருஷம் ரொம்ப அழுதா. நல்ல எடத்துலதான் இருக்கேன், என்னை சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்கன்னு சொன்னேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?”

“தங்கற எடம். நீங்க எட்டுப் பேரு, அடுக்குக் கட்டில்ல கீழ்க்கட்டில்னு சொன்னீங்க. அவங்க தனி ரூம், சன்னலுக்கு நீலத் திரை போட்டிருக்கும்னு சொல்லியிருக்காங்க.”

அது ஹோட்டலில் கழித்துப்போட்ட திரையாம். கட்டிலைச் சுற்றிக் கட்டிவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் வீடியோவில் பேசுவாராம். அவளாகவே சன்னல் என்று நினைத்துக்கொண்டாள், இவர் இல்லை என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்ததுண்டா என்பது அடுத்த கேள்வி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஈரத் துணி மூட்டையைத் தூக்கிக் குடலிறங்கி, ஆபரேஷன் ஆகி எட்டு நாள் படுத்திருந்ததை இவர் சொல்லியிருந்தார். அவள் சொன்னது, என் வீட்டுக்காரருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

“அந்த எட்டு நாளும் பேசாம எப்படி இருந்தீங்க?”

“நாலு நாள் ஃபோன் ரிப்பேர்னு சொன்னேன். அப்புறம் படுத்துக்கிட்டே பேசினேன். டூட்டி முடிஞ்சு வந்து படுத்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டா.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நன்றாகத் திட்டியிருப்பேன். ஆனால் அடுத்த கேள்வியைப் படித்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். மனைவி என்ன செய்கிறார்? வீட்டில் இருக்கிறாள் என்று இவர் சொல்லியிருந்தார். அவள், நாலு வருஷமாகத் தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறேன், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை வேலை என்று சொல்லியிருந்தாள்.

“தப்பாப் படிக்கறீங்கக்கா.”

“தப்பாப் படிக்கல.”

“பேசும்போது பின்னால சத்தம் கேக்கும். பக்கத்து வீட்ல மிஷின் வாங்கியிருக்காங்கன்னு சொல்லுவா.” கடிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “நான் அனுப்பறது பத்தலன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல.”

ஒரே ஒரு கேள்விக்குத்தான் இருவர் பதிலும் ஒத்துப்போயிருந்தது. கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள்? சண்டையே போட்டதில்லை என்று இரண்டு பேரும் சொல்லியிருந்தார்கள். அதிகாரி அதற்கடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். சண்டை போடாத புருஷன் பெண்டாட்டியை எந்த அதிகாரிதான் நம்புவான்? கடைசி வரி, இவ்விருவரும் ஒருவர் வாழ்க்கையை மற்றவர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை என்று முடிந்தது. அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்த வரி சரியாக இருந்தது என்பதில் அதைவிடக் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேல் என் மேல். இரண்டு பேரையும் முதலில் பேசிக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டியவள், இவரை மட்டும் அரிச்சந்திரனாக்கி அனுப்பிவிட்டேன்.

மகளுக்குப் பதினெட்டு நிறைய அறுபத்தெட்டு நாள் இருந்தது. விளக்கக் கடிதத்தோடு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். ஆனால் விளக்கத்தில் எழுதுவதற்கு அவர்கள் ஒருவரைப் பற்றி மற்றவருக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

“இங்கேயே உக்காந்து ஃபோனப் போடுங்க” என்றேன்.

இங்கே மணி மூன்றரை, அங்கே அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். இருங்கக்கா என்று சைகை காட்டினார்.

“சாப்டியா?” என்று ஆரம்பித்தார்.

“சாப்டேன். நீங்க?”

“சாப்டல.”

பதினோரு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்ததே கிடையாதாம். பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுக்குக் கட்டிலைச் சொன்னார், திரையைச் சொன்னார், ரோலரைச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் ம் என்றாள். ஆபரேஷன் என்றபோதுதான் குரல் வந்தது.

“எட்டு நாளும் கூட யாரு இருந்தா?”

“ரூம்ல ஒருத்தர். மீன் மார்க்கெட்ல வேலை பாக்கறவரு.”

“அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.”

“நீ பயப்படுவேன்னுதான்.”

“பயப்படறதுக்குத்தான் பொண்டாட்டி இருக்கா. எந்த ஊர் நியாயம் இது? உங்களுக்கு வயித்தக் கிழிச்சுத் தச்ச அன்னிக்கு நான் பாப்பாவக் கூட்டிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கேன். சிரிச்சு ஃபோட்டோ எடுத்து உங்களுக்கே அனுப்பியிருக்கேன்.”

“நீ மட்டும் என்ன? நாலு வருஷமா மிஷின் மிதிக்கற. பக்கத்து வீடுன்னு எங்கிட்ட கத விட்ட.”

“சொன்னா விட்டிருப்பீங்களா? நான் எதுக்கு இங்க கெடக்கறேன்னு கேட்டிருப்பீங்க.”

“கேட்டிருப்பேன். கேக்க எனக்கு உரிமை இல்லையா?”

“எனக்கு இருந்துச்சா?”

இப்படியே பத்து நிமிஷம். பிறகு அங்கே கம்பெனி மணி அடித்தது, அவள் வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள். அவர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“கோவமா இருக்காக்கா” என்றார். கல்யாணமான புதிதில் இருக்கிற ஆள் மாதிரி இருந்தது அந்த முகம்.

அடுத்த ஒன்பது நாளும் அவள் சாப்பாட்டு நேரத்துக்கு இங்கே வந்து உட்கார்ந்து பேசினார். அவள் முழங்கால் வலியைச் சொன்னாள். மகள் ஒரு வருஷம் கணக்கில் தேறாமல் திரும்ப எழுதியதைச் சொன்னாள். இவர் ஒரு நாள் லாண்டரி குழாய்க்கு அடியில் நின்று காரணமில்லாமல் அழுததைச் சொன்னார். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். பதினோரு பக்கம் வந்தது. ஒன்பதாவது பக்கத்தில், நேற்றும் சண்டை போட்டோம் என்று ஒரு வரி இருந்தது. எத்தனையோ பேருக்கு எவ்வளவோ எழுதிக் கொடுத்திருக்கிறேன், எழுதச் சொன்னவர்கள் மேல் எனக்குப் பொறாமை வந்தது அந்த ஒரு கடிதத்துக்குத்தான். கடையை மூடிப் பூட்டிவிட்டு என் அறைக்குப் போனால் எனக்கு யாரிடமும் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

இரண்டாவது நேர்காணலுக்குத் தேதி கொடுக்க ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார்கள். அது நன்றாக முடிந்தது. கடைசியாக எப்போது சண்டை என்று கேட்டதற்கு அவள், இங்கே வருவதற்கு முன்னால் வாசலில் நின்று போனில் போட்டோம் என்று சொன்னதும் அங்கிருந்த அதிகாரியே சிரித்துவிட்டாராம். இனி முடிவு வர வேண்டியதுதான் பாக்கி. தினமும் டூட்டி முடிந்ததும் எதிர் அலுவலகத்துப் பலகையைப் பார்த்துவிட்டு என் கடையில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். இல்லை என்பதற்குத் தலையை ஆட்டக்கூட மாட்டார்.

ஒரு நாள் வந்தவர் போகாமல் உட்கார்ந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

“இன்னிக்குப் பாப்பாவுக்குப் பொறந்த நாள்க்கா” என்றார்.

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஒன்பது நாள் கழித்து இரண்டு கவர் வந்தது. மனைவிக்கு அனுமதி. மகளுக்கு இல்லை, வயது கடந்துவிட்டது. ஒன்பது நாள் தாமதம் அலுவலகத்தின் தாமதம்தான் என்று காட்டமாக மேல்முறையீடு எழுதினேன். அச்சடித்த ஒற்றை வரியில் பதில் வந்தது. அறுபது நாளுக்குள் மனைவி வந்து சேராவிட்டால் அவளுடைய அனுமதியும் போய்விடும் என்று அதே தாளில் நினைவூட்டியிருந்தார்கள்.

அவள் வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். கிளப்பிவிட்டது மகள். கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, கூடவே ஹாஸ்டலும். நீ போம்மா, நான் என்ன சின்னப் பிள்ளையா, சட்டமே என்னைப் பெரியவள்னு சொல்லிருச்சே என்றாளாம். ஐம்பத்தாறாவது நாள் அவள் வந்து இறங்கினாள்.

குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க அவளைக் கடைக்கு அழைத்து வந்தார். மெலிந்த உருவம், வேகமான கை. உட்காருவதற்கு முன்னால் அவர் சட்டைக் காலரைத் திருப்பித் தையலைப் பார்த்தாள்.

“நூல் விட்டிருக்கு. இதப் போட்டுக்கிட்டா சூப்பர்வைசர்னு சொல்றீங்க?”

அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் அவளுடைய அனுமதித் தாளில் வேலை செய்ய அனுமதியில்லை என்று முத்திரை இருந்தது. அதன் அர்த்தத்தை நான் சொன்னதும் அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். விடிவதற்கு முன் அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார், மத்தியானம் இரண்டரைக்கு வருவார். அதுவரை அந்த வீட்டில் இப்போது அவள் தனி. அக்கம்பக்கத்து மொழி தெரியாது. சில நாள் நடந்தே என் கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது கட்டிலையும் படிக்கிற மேசையையும் தினமும் துடைப்பதாகச் சொன்னாள்.

“அந்தக் கட்டில்ல மட்டும் உக்கார மனசு வரலக்கா. பாப்பா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்றா. அவங்கப்பா மாதிரியே சொல்றா. அதான் பயமா இருக்கு.”

ஏழாவது வாரம் அட்டை தயாராகி, வாங்கிக்கொள்ள அவருடைய வார விடுமுறையில் இரண்டு பேரும் வந்தார்கள். அட்டையின் பின்பக்கத்தை நான் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மகளின் அழைப்பு வந்தது. அவர் வழக்கப்படி மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“கொரல் என்னம்மா ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லப்பா. ஐஸ் தண்ணி குடிச்சேன்.”

“சாப்டியா?”

“சாப்டேன்ப்பா. இன்னிக்கு நல்லா இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கீங்களா?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, அப்பாகிட்ட அப்படிச் சொல்லாத” என்றார். “நானும் அம்மாவும் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பதினோரு வருஷத்தத் தொலைச்சோம். எதுவா இருந்தாலும் உள்ளதச் சொல்லு.”



“சொன்னா வருவீங்களாப்பா?”

அவர் வாயைத் திறந்தார். வேலை ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கல்லூரியும் ஹாஸ்டலும் அவர் மாதா மாதம் அனுப்புவதில்தான் ஓடியது. பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார், அதனால் வார்த்தை வரவில்லை. மனைவி போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா வரேன். என்ன ஆச்சுன்னு இப்பச் சொல்லு.”

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. நாலு நாளாகக் காய்ச்சல். விடுமுறைக்கு எல்லாப் பெண்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அந்தத் தளத்தில் இவள் ஒருத்திதான். போக வீடு இல்லை, அம்மா கிளம்பும்போதே ஊர் வீட்டைக் காலி பண்ணிவிட்டார்களே. அம்மாக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், எந்த மாத்திரை எப்போது என்று சொன்னாள், வார்டனிடம் போனைக் கொடுக்கச் சொல்லிப் பேசினாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“திரும்பிப் போறதுக்கு ஒரு ஃபாரம் இருக்கும்ல அக்கா?”

இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் இந்த அட்டை செல்லாது, மறுபடியும் எல்லாம் முதலிலிருந்துதான் என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது, அது என் தொழில். அவள் தெரியும் என்பதுபோல் தலையசைத்தாள். நான் அவரைப் பார்த்தேன். இருக்கட்டும்க்கா என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“இந்தத் தடவ நான் சமாளிச்சுக்குவேன்னு சொல்ல மாட்டேன்” என்றார் அவளிடம். “அந்த வீட்ல தனியா என்னால இருக்க முடியல. ரொம்பக் கஷ்டமா இருக்கும். நீ போ.”

“தெரியும்” என்றாள்.

நான் பிரின்டரைப் போட்டேன்.